மேட்டுக்கு அடங்கிய வீடு

ஜபார் எங்கள் தோட்டத்து ஓரத்தில் வந்து குந்திய முதல் நாள் அவனைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். விடிய நான் ஆட்டை அவிழ்த்து விட்டபோது றோட்டோர மதகில் இருந்தான். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னபோதும் அதே மதகில் அதே இருப்பு. எதிரே இருந்தது வெறும் மணல்மேடு. கற்பிட்டிப் பக்கத்தில் பிறந்தவர்கள் மணல்மேட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் எங்கள் தென்னந்தோட்டம், நடுவே தென்னை உயரத்துக்கு அது பாட்டில் கிடக்கும். எங்கள் பக்கத்துச் சரிவு கிடுகுக் கூரையைவிடச் செங்குத்து. ஏறப் போனால் ஏறிய அளவுக்கு வழுக்கும். ஆடு மேயும், பிள்ளைகள் தென்னம்மட்டையில் குந்திச் சறுக்குவார்கள். அதற்கு மேல் அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

எனக்கு வாய் சும்மா இராது. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன தம்பி, மணலப் பாத்துக்கிட்டே ஈந்தா வீடு முளைக்குமா?"

"முளைக்கத்தான் வேணும் ராத்தா. எனக்கு வேற வழியில்ல."

சிரிக்காமல் சொன்னான். நானும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சரிவை அவனுக்குக் கொடுத்ததே நான்தான். என் புருஷன் சவூதியில் இருந்தார்; தோட்டத்துப் பொறுப்பு என்னிடம். பள்ளிவாசலிலிருந்து வந்து அவனுக்காகக் கேட்டபோது, தென்னை நிற்காத அந்தத் துண்டைத்தான் கொடுக்க முடிந்தது. தோட்டத்து மற்ற இடமெல்லாம் முகாம் கொட்டில்கள் எழும்பி நின்றன.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னது. உடுத்த உடுப்போடு வந்த சனம் புத்தளம் எங்கும் நிறைந்தது. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தென்னந்தோட்டம், உப்பளத்து வெளி என்று கால் வைக்கக் கிடைத்த இடமெல்லாம் முகாம். ஜபார் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் மேசன். கல்யாணம் கட்டாதவன். தங்கச்சி ஹாஜராவோடும் அவள் புருஷன் மீராசாஹிபோடும் வந்து சேர்ந்தான். வரும் வழியில் எல்லாவற்றையும் விட்டாலும் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை மட்டும் சாரத்து மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தான். நேரில்லாத எதையும் அவனால் பொறுக்க முடியாது. எங்கள் கிணற்றுக் கட்டைப் பார்த்த உடனே, "இதக் கட்டினவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருக்கிறான்" என்றான். கட்டியவர் என் மூத்த மச்சான். பக்கத்தில்தான் நின்றார்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். முகாமுக்கு வந்த ஐந்தாறு மாதத்தில் மலேரியாக் காய்ச்சலில் மீராசாஹிப் மவுத்தாகிப் போனான். ஹாஜரா அப்போது வயிற்றோடு இருந்தாள். அதற்கு முன் தரித்தவை ஒன்றுமே தங்கவில்லையாம். இதாவது தங்க வேண்டும் என்று அவள் நேர்ந்துகொள்ளாத அவுலியா இல்லை.

எங்களில் புருஷன் மவுத்தானால் பெண் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்திக்கொண்டு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வீட்டோடு இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நாலு மாதமும் பத்து நாளும். வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை. பழைய பெண்கள் குரலைக்கூட வெளியே விடமாட்டார்கள். வீடு இருப்பவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. வீடே இல்லாதவள் எந்த வீட்டோடு இருப்பாள்? முகாமில் ஒரே கொட்டிலில் ஏழெட்டுக் குடும்பம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சேலை. ஹாஜரா அந்தச் சேலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை குந்தியிருந்தாள். மலசலகூடத்துக்குப் போவதென்றால் தண்ணீருக்கு நிற்கும் ஆண்களின் வரிசையைத் தாண்டவேண்டும். அதற்குப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

என் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விறாந்தையில் இரண்டு குடும்பம், அறைகளில் மச்சான்மார். என் வீடும் இன்னொரு முகாம்தான்.

ஆகவே ஜபாருக்கு ஒரு வீடு வேண்டும். தங்கச்சி மறைவாக இருக்கவும் பிள்ளை பத்திரமாகப் பிறக்கவும் ஒரு அறையாவது வேண்டும். அதுவும் கெதியாக, பிள்ளை பிறக்குமுன் வேண்டும். கிடைத்ததோ நான் கொடுத்த மணற்சரிவு.

அந்தச் சரிவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. மேட்டு உச்சியில் நேவியின் காவல் சென்றி இருந்தது. கடலில் படகு போகிறதா வருகிறதா என்று பார்ப்பதற்கு. வீடு கட்டப் போகிறோம் என்று சொல்ல, பக்கத்து மீன்வாடியில் கரைவலை இழுக்கும் சவிரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஜபார் மேலே போனான். சவிரிமுத்துவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கேட்டு வந்து சொன்னார்: உச்சிக்கு மேலே ஒரு கிடுகும் தெரியக்கூடாது. கடல் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் விழக்கூடாது. தெரிந்தால் அன்றே பிடுங்கிவிடுவார்கள்.

"அதுக்கென்ன, அடிவாரத்துல கட்டுவமே" என்றேன் நான்.

"மாரியில அடிவாரத்தில தண்ணி நிக்கும். உங்கட தென்னையில அடையாளம் கிடக்கு, பாருங்கோ" என்றான் ஜபார். "றோட்டும் பக்கத்தில. போறவன் வாறவன் எல்லாம் பாப்பான். சரிவுக்குள்ளதான் ராத்தா. வேற இடமில்ல."

சரிவில் எப்படிக் கட்டுவது என்றுதான் அவன் மதகில் இருந்து யோசித்திருக்கிறான். கல்லில் வேலை பழகியவன் அவன். தோண்டினால் கல் வரும், கல்லின் மேல் கல் வைக்கலாம் என்று வாழ்ந்தவன். இங்கே தோண்டினால் மணல், அதற்குக் கீழேயும் மணல். நான் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெட்டி மணலை அள்ளி என் முற்றத்தில் கொட்டினான். அதன் மேல் இன்னொரு பெட்டி. பிறகு இன்னொன்று.

"பாருங்கோ, எவ்வளவு கொட்டினாலும் ஒரே சரிவிலதான் நிக்குது. குவியல் பெருக்குதே தவிரச் சரிவு மாறேல்ல. மணலின்ர குணம் அது. அதோட மல்லுக்கு நிக்கேலாது. கூரையும் அதே சரிவில போகோணும். அங்க ஒரு வீடு இருக்கெண்டு காத்துக்கே தெரியக்கூடாது."

கிணற்றுக் கட்டைப் பழித்தவன் பேச்சை என் மூத்த மச்சான் கேட்பாரா? "மணலைக் கயிறாத் திரிக்கிறான்" என்றார். ஆனால் வேலை தொடங்கியபோது அவரும் வந்து கைகொடுத்தார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? முகாம் ஆண்கள் எல்லோரும் திரண்டார்கள். சரிவின் நடுவில் அறை அளவுக்குக் குடைந்தார்கள். வெங்காயத் தோட்டங்களில் வீசிக் கிடந்த உரப்பைகளைப் பெண்கள் பொறுக்கி வந்தோம். அவற்றில் மணலை நிரப்பி வாயைத் தைத்து, படிக்கட்டுப்போல் ஒன்றுக்கு மேல் ஒன்று சற்றே பின்தள்ளி அடுக்கினான். அதுதான் பின்சுவர். மேடு அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது, சுவரும் மேட்டில் சாய்ந்து நின்றது. விழுந்த தென்னைகளை அறுத்துத் தூணும் கூரைவளையும் போட்டான். மேலே இரண்டு மடிப்புக் கிடுகு, நடுவில் பொலித்தீன். அதற்கு மேலே மணலையே போட்டு, அடம்பன் கொடியைப் பிடுங்கி வந்து நட்டான். முன்சுவருக்குச் சாந்து பூசி, காயுமுன் மணலை விசிறி அடித்தான். கொஞ்ச நாளில் கொடி பிடித்து ஊதாப் பூவும் பூத்துவிட்டது.

வேலை முடிந்ததைப் பார்க்கச் சென்றியிலிருந்து ஒரு சிங்களச் சிப்பாய் இறங்கி வந்தான். சரிவில் நடந்து வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கெதற கோ?" என்று கேட்டான். வீடு எங்கே என்று.

சவிரிமுத்து அவன் காலடியைக் காட்டினார். அவன் கூரை மேல்தான் நின்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பையனும் சிரித்தான். அவ்வளவு நாளும் சிரிக்காத ஜபார் மட்டும் அன்றும் சிரிக்கவில்லை. ஒரு மூலையில் கொடி வாடியிருப்பதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

வாசலைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். முதலில் வாசலை அவன் றோட்டைப் பார்த்துத்தான் வைத்திருந்தான். நிலைக்கு மரமும் நட்டாயிற்று. பிறகு ஒருநாள் மதகில் நின்று பார்த்தவன், வேலையை நிறுத்தச் சொன்னான். கதவு திறந்தால் றோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவனுக்கு உள்ளே தெரியும் என்றான். நிலையைப் பிடுங்கினான். வடக்குப் பக்கம் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய வழி வெட்டி, அதைத் திருப்பி, அந்தத் திருப்பத்துக்குள் வாசலை வைத்தான். முன்சுவரில் கூரையை ஒட்டி நாலைந்து காற்றோட்டத் துளை மட்டும். பக்கத்தில் வந்து நின்றாலும் வாசல் எங்கே என்று தெரியாது. உள்ளே ஒரு பெண் இருப்பதே தெரியாது. பள்ளி லெப்பை வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இத்தா வீடெண்டா இப்படி ஈக்கணும்" என்றார். நானும் மெச்சினேன். மெச்சாதவர் ஒருவருமில்லை.

ஹாஜராவைச் சுற்றிப் பெண்கள் பாய் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தோம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு. பிறகுதான் அழுதாள். புருஷன் மவுத்துக்குக்கூட அவள் அப்படிச் சத்தமாக அழுததை நான் காணவில்லை. முகாமில் அழுதால் ஏழு குடும்பத்துக்குக் கேட்கும்.

அந்த அறை குளிர்மையானது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கிணற்றடிபோல இருக்கும். மேற்கே, அந்த மணல்மூட்டைச் சுவரைப் பார்த்துத்தான் தொழுவாள். நான் பகலில் சோறு கொண்டுபோவேன். வயிறு நன்றாக மேலெழுந்து வந்தது. பிள்ளை உதைக்கும் இடத்தில் என் கையைப் பிடித்து வைப்பாள். "இது தங்கும் ராத்தா. எனக்குத் தெரியும்" என்பாள். அண்ணனைப் பற்றி, காக்கா காக்கா என்று, என்னிடம் மட்டும் வாய் ஓயாமல் கதைப்பாள். வெளியே ஓர் ஆண் இருமினால் போதும், சொல் பாதியில் நின்றுவிடும்.

சோளகக் காற்று எழும்பியதும் மணல் பறக்கத் தொடங்கியது. அது எல்லா வருஷமும் பறப்பதுதான். ஆனால் அந்த வருஷம் மேட்டு உச்சி மொட்டையாக இருந்தது. மணலைப் பிடித்து வைத்திருந்த தாழையும் இராவணன் மீசைப் புல்லும் முகாம் அடுப்புகளுக்குப் போய்விட்டன. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? விறகுக்கு எங்கே போவார்கள்? சரிவில் பிடிப்பாகக் கிடந்த கொடியை வீடு குடையும்போது நாங்களே வாரி எடுத்திருந்தோம். கடல் பக்கத்து மணல் உச்சிக்கு ஏறி, விளிம்பில் குவிந்து குவிந்து எங்கள் பக்கம் சொரிந்தது. ஜபார் தினமும் விடியச் சுபஹு தொழுதுவிட்டு அந்த ஒடுங்கிய வழியைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் மேசன் வேலைக்குப் போவான். பின்னேரம் வந்து மறுபடி அள்ளுவான். "புள்ள பிறந்த கையோட வாசல இந்தப் பக்கம் திருப்பிப்போடுறன்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னான். இத்தா முடியட்டும் என்று இருந்தான்.

அந்த நாள் வந்தது. ஹாஜராவுக்கு ஏழாம் மாதம். கற்பிட்டியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையிலேயே பகல் சோற்றையும் சேர்த்து ஹாஜராவிடம் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். அன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சவிரிமுத்து எனக்குப் பிறகு சொன்னார்.

வீட்டுத்திட்டம் ஒன்றின் எஞ்சினியர் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்திருக்கிறார். மணலுக்குள் ஒரு மேசன் வீடு கட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஜபாரை வேலைத்தளத்தில் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். காற்று அறைந்துகொண்டிருந்ததாம். கண்ணைத் திறக்க முடியவில்லையாம். இத்தா இருக்கும் வீடு என்பதால் ஜபார் அவரை வாசல் பக்கம் கூட்டிப்போகவில்லை. தெற்குப் பக்கமாகச் சரிவில் ஏற்றிக் கொண்டுபோய், "ஐயா, நாங்கள் இப்ப கூரைக்கு மேலதான் நிக்கிறம்" என்று சொல்லியிருக்கிறான். எஞ்சினியர் காலால் தட்டிப் பார்த்திருக்கிறார். சவிரிமுத்துவும் ஏறி வந்து, சிப்பாய் வீட்டைத் தேடிய கதையைச் சொல்லி, மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஜபார் சரிவைப் பற்றி, மூட்டை அடுக்கியதைப் பற்றி, கொடி நட்டதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னானாம். வாய் திறக்காத மனிதன் அன்று அப்படிக் கதைத்ததைப் பார்த்துத் தனக்கே அதிசயமாக இருந்தது என்றார் சவிரிமுத்து. பிறகு இதைத் தங்கள் கந்தோர் ஆட்களுக்கு வரைந்து காட்டவேண்டும் என்று எஞ்சினியர் அவனைப் புத்தளத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்து இறங்கினேன். கல்யாணச் சோற்றில் ஒரு சகன் தட்டு ஹாஜராவுக்கென்று மூடிக் கொண்டுவந்திருந்தேன். வடக்குப் பக்கமாகப் போனால் வழி இல்லை. திரும்பி மறுபடி வந்து பார்த்தேன். முன்சுவரும் இல்லை. உச்சி விளிம்பு அப்படியே பெயர்ந்து இறங்கி, மேலிருந்து கீழ்வரை சரிவு ஒரே சீராகக் கிடந்தது. அங்கே ஒரு வீடு இருந்ததாகவே தெரியவில்லை. சகன் கையிலிருந்து விழுந்ததை நான் உணரவில்லை.

"ஹாஜரா! புள்ள ஹாஜரா!"

காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நான் போட்ட கூச்சலில் சவிரிமுத்து வாடியிலிருந்து ஓடிவந்தார். முகாம் சனம் ஓடிவந்தது. அந்த நேரம் பார்த்து றோட்டில் ஜீப் வந்து நின்றது. ஜபார் இறங்கினான். முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு சிரிப்பு.

"ராத்தா, இதமாதிரி இன்னும் நிறைய வீடு கட்டப் போயினமாம்..."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "எங்கடா வீடு? ஊட்டக் காட்டு!"

அவன் சரிவைப் பார்த்தான். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை.

ஓடிப்போய் ஓரிடத்தில் விழுந்து கையால் தோண்டினான். நாங்களும் அங்கே தோண்டினோம். மண்வெட்டி, பெட்டி, சோற்றுப் பானை, சிரட்டை, யார் கையில் எது கிடைத்ததோ அதனால் அள்ளினோம். சென்றிச் சிப்பாயும் இறங்கி வந்து துவக்கைத் தென்னையில் சாத்திவிட்டு மண்டியிட்டு அள்ளினான். ஆழமாய்ப் போனோம். ஒன்றும் இல்லை. அள்ள அள்ள மேலிருந்து அதைவிட அதிகமாய் வந்து நிறைந்தது. அவன் சொன்ன மணலின் குணம் அதுதான். ஜபார் எழும்பி வேறிடத்தில் தோண்டினான். அங்கேயும் மணல். அடையாளத்துக்கு இருந்த கொடி இல்லை, தாழங்கட்டை இல்லை. மேடே இடம் மாறியிருந்தது. தான் கட்டிய வீட்டை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சரிவில் மேலும் கீழும் ஓடினான். "என்ர வீடு எங்க? என்ர வீடு எங்க?" என்று அந்தச் சிப்பாயையும் பிடித்துக் கேட்டான்.

சவிரிமுத்து வள்ளத்துத் தண்டை எடுத்து வந்தார். அதை மணலில் குத்தி இறக்கி, உருவி, பக்கத்தில் குத்தினார். இப்படியே குத்திக்கொண்டு போனார். சனம் முழுவதும் அடித்தொண்டையில் கத்தியது. "ஹாஜரா! ஹாஜரா தங்கச்சி!" மேலோங்கிக் கேட்டதெல்லாம் ஆண் குரல். சூரியன் கடலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. இருட்டினால் அங்கே ஒரு லாம்பும் ஏற்ற முடியாது. யாரோ ஒருவர் மவுத்துக்கு ஓதும் "இன்னாலில்லாஹி"யைத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வாயில் மணலை அடைத்திருப்பேன்.

அப்போது தண்டு ஓரிடத்தில் நின்றது. சவிரிமுத்து தட்டிப் பார்த்தார்.

"அக்கா, கூரை போலக் கிடக்கு. ஆனா எந்தப் பக்கமெண்டு தெரியேல்ல. உள்ள ஆள் இருக்கிற பக்கத்தில வெட்டினா ஆளுக்கு மேலதான் விழும்."

மறுபடியும் ஆண்கள் கத்தத் தொடங்கினார்கள். எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது. இருமல் கேட்டாலே சொல்லை விழுங்குகிறவள் இத்தனை ஆண்களுக்கு எப்படிப் பதில் கொடுப்பாள்?

"வாய மூடுங்க எல்லாரும்! லெப்பை, உங்களையுந்தான்! ஒரு ஆம்புளக் குரலும் கேக்கப்படாது!"

எல்லோரும் அடங்கினார்கள். நான் மணலில் குப்புறப் படுத்து, தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஹாஜரா, நான் பரீனா! பரீனா ராத்தா! நான் மட்டுந்தான் ஈக்கிறேன் புள்ள! தட்டு!" கத்திவிட்டுத் தண்டில் காதை வைத்தேன். கரைவலைக்காரர்கள் கடலுக்குள் மீன் சத்தம் அப்படித்தான் கேட்பார்கள்.

டொக் டொக் என்று கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது. எனக்கு இடது கைப் பக்கமாக இருந்து வந்தது.

அதற்கு எதிர்ப்பக்கம் தோண்டினோம். பலகைகளைக் குத்தி மணலை மறித்துக்கொண்டு இறங்கினோம். கூரை வந்தது. இவ்வளவு மணல் மேலே கிடந்தும் ஒரு வளைகூட முறியவில்லை. அவன் போட்ட கணக்கில் அந்த இடத்தில் பிழையில்லை. ஜபார் பொலித்தீனைக் கிழித்து, கிடுகை வெட்டி, ஆள் நுழையும் அளவுக்குத் துவாரம் செய்தான்.

முதலில் மேலே வந்தது ஒரு வெள்ளைச் சீலை மூட்டை. இரண்டு கைகள் அதை உயர்த்திப் பிடித்தன. ஜபார் குனிந்து வாங்கினான். வாங்கிச் சீலையை விலக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஆண்பிள்ளை. எல்லாம் நிறைவாக இருந்தது, நகம்கூட இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

நானும் முகாம் பெண்களும் ஹாஜராவைத் தூக்கி எடுத்தோம். கால்கள் இரத்தமாக இருந்தன. கதவைத் தள்ளித் தள்ளி விரல் நுனிகள் பிய்ந்திருந்தன. அவளால் நிற்க முடியாது என்று நினைத்தேன். நின்றாள். காற்று அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கணமே, யாரும் சொல்லாமல், அங்கு நின்ற ஆண்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துச் சவிரிமுத்துவும் சிப்பாயும் திரும்பினார்கள்.

"ஏன் திரும்புறீங்க?" என்றாள் ஹாஜரா. ஆண்கள் கேட்க அவள் கதைத்த முதல் கதை அதுதான். "புள்ள பிறந்திட்டுது. இத்தா முடிஞ்சுது."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜபார் பிள்ளையைக் கையில் ஏந்தியபடி அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா புள்ள? மத்தியானம் நான் உன்ர தலைக்கு மேலதானே நிண்டனான்."

"கேட்டது காக்கா. அப்பவே வாசல் மூடியிட்டுது. நீங்கள் வீட்டப் பற்றிச் சொல்லிச் சிரிச்சது எல்லாம் கேட்டது." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும். "பக்கத்தில அந்நிய ஆம்புளையளும் கதைச்சவை. அவைக்கு என்ர குரல் கேக்கக்கூடாதெண்டுதானே நீங்கள் இந்த வீட்டக் கட்டினீங்கள்."